பயண இலக்கியத்தில் பொழுது

தமிழில் பயண நூல்கள் மிகக் குறைவு என்று கூறுவோர் இன்றும் உளர். அக்கூற்று பொருந்துவதன்று. பகடாலு நரசிம்மலு நாயுடு தம் வடநாட்டு யாத்திரையைப் பற்றிய நூலை 1889ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940இல் வந்தது. அதன்பின் சோமலெ, தி. ஜானகிராமன், மணியன் எனப் பட்டியல் நீண்டு செல்கின்றது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகளின் 'ஒன்றே உலகம்' மலேசியத் தமிழாசிரியர்களுக்கு அயலான நூலன்று. எனவே எண்ணிக்கையில் நம் மொழி பின்தங்கியதாகக் கொள்ள இடமில்லை.

குறை வேறோர் இடத்தில் உள்ளது. தொல்காப்பியம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகப் பகுத்துக் காட்டும். நிலம் மட்டும் முதற்பொருளாகாது. பொழுதும் உடன் வரவேண்டும். நம் பயண நூல்களை இவ்வளவுகோலால் நோக்கினால், நிலம் மிகுதியாகவும் பொழுது மிக அருகியும் இருக்கக் காணலாம். நகரங்களின் பெயர், கோபுரத்தின் உயரம், ஆற்றின் நீளம், மக்களின் தொழில், அரசாங்க முறை ஆகிய யாவும் வருகின்றன. அன்று மழை பெய்ததா, காற்று எத்திசையிலிருந்து வீசியது, எழுதியவரின் கைவிரல்கள் குளிரில் விறைத்தனவா என்பன பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும், 'குளிர் கடுமையாக இருந்தது' என்ற ஒரு தொடரோடு நின்றுவிடுகின்றன.

இதற்குக் காரணம் எழுதியவர்களின் திறமைக் குறைவு ஆகாது. அவர்கள் ஏறிச்சென்ற வண்டியே காரணம். நரசிம்மலு நாயுடு காலத்தில் புகைவண்டி பரவியிருந்தது. அதனால் தமிழ்ப் பயண உரைநடை வளரத் தொடங்கிய காலத்திலேயே, பயணி சன்னலுக்கு உட்புறம் அமர்ந்துவிட்டான். சிட்டியும் ஜானகிராமனும் காவிரிக் கரை வழியே சென்று எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் வெளிவந்த மிகச் சிறந்த நூல். ஆயினும் அங்கு நடந்தது காவேரியே. நூலாசிரியர்கள் பெரும்பாலும் மோட்டார் வண்டியில் சென்றார்கள். மணியன் காலத்தில் விமானம் வந்தது. பயணியின் உடலுக்கும் வெளியிலுள்ள வானத்துக்கும் இருந்த சிறிது தொடர்பும் அறுந்தது.

ஏ.கே. செட்டியாரை இவர்களோடு ஒன்றாக வைத்துப் பேசுவது முறையன்று. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்துக்காக உலகின் பல மூலைகளிலும் அலைந்து படச்சுருள்களைத் தேடியவர் அவர். அப்படம் 1940இல் திரையிடப்பட்டது. அவருடைய வாக்கியங்கள் சிறியவை. மனிதர்களைப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. மெல்லிய நகைச்சுவையும் இருந்தது. தம்மைப் பெருமைப்படுத்திக்கொள்ளும் ஆசை அவருக்கு இல்லை. அந்த அடக்கமே அவர் நடையின் அழகு. ஆனால், தம்மை மறைத்துக்கொண்டபோது தம் உடலையும் சேர்த்து மறைத்துவிட்டார் என்பதே இங்குச் சொல்ல வேண்டியது. புகழ் விரும்பாமை வேறு. உடல் பட்டதைச் சொல்லாமை வேறு. பின்வந்தவர்கள் அவருடைய அடக்கத்தை விட்டுவிட்டு, உடலைச் சொல்லாத வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விமான நிலையத்தில் மாலையிட்டு வரவேற்றவர்களின் பெயர்ப் பட்டியல் ஒரு பக்கம் முழுவதும் நிற்கும் நூல்கள் நம்மிடையே உண்டு. அன்றைய வானிலை அவற்றில் ஒரு வரி இடமும் பெறவில்லை.

இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஜெர்மனியில் லைப்சிக், ஹாலே என்னும் இரண்டு நகரங்கள் அருகருகே உள்ளன. ஹாலே தமிழர்க்கு வேண்டிய ஊர். சாக்சனி நாட்டிற் பிறந்த சீகன்பால்கு அங்குக் கல்வி பயின்று, 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடி வந்து இறங்கினார். தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில் உருவாக்கப்பட்டுத் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பெற்றன. அங்குள்ள பிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் தரங்கம்பாடிக் கடிதங்களும் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஜெர்மனி செல்லும் தமிழறிஞர் லைப்சிக்கிலிருந்து இரயில் ஏறி, அரைமணி அளவில் ஹாலேயில் இறங்கி, சுவடிகளைக் கண்டு, கண் கலங்கி, மாலையில் திரும்பிவிடலாம். அவர் எழுதும் கட்டுரையில் சீகன்பால்குவின் பிறந்த ஆண்டு இருக்கும். சுவடிகளின் அருமை இருக்கும். குறை கூற முடியாத கட்டுரை. ஆனால் லைப்சிக்குக்குப் போகாமலே அதை எழுதிவிட முடியும்.

அதே வழியை ஒருவர் அக்டோபர் மாதத்தில், மழை நாளில், தன்னந்தனியே மிதிவண்டியில் கடக்கின்றார் என்று கொள்வோம். வெள்ளை எல்ஸ்டர் என்னும் சிற்றாறு லைப்சிக்கிலிருந்து ஷ்கொய்டிட்ஸ் என்ற ஊரின் ஓரமாக ஓடி, ஹாலேக்கு அருகில் சாலே ஆற்றில் கலக்கின்றது. அதன் கரையோரப் பாதை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நல்ல வெயிலில் அது ஒரு காலைப்பொழுதின் விளையாட்டு. வெப்பம் எட்டுப் பாகையாக இருந்து, தூறலும் விடாது பெய்தால், அதுவே ஒரு நாளின் உழைப்பாகும்.

அவ்வுழைப்பின் இயல்பு தனித்தன்மை உடையது. நகரை விட்டு வெளியேறும்போதே டிராம் தண்டவாளங்கள் நனைந்து வழுக்கும்; அவற்றைக் குறுக்காக அன்றிச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் சிக்கிக்கொள்ளும். பின்னர்க் கரைப்பாதையில் உதிர்ந்த இலைகள் சேறாகப் படிந்திருக்கும். பிடித்தவுடன் நிற்க வேண்டிய தடை, நனைந்த சக்கர விளிம்பில் சற்றுத் தயங்கியே பற்றும். மழையங்கி வெளியிலிருந்து வரும் நீரைத் தடுத்தாலும், உள்ளே ஊறும் வியர்வை வெளியேற வழியின்றி நிற்கும். ஆகவே இருபுறமும் ஈரம். மிதிக்கும் வரை உடல் சூடாக இருக்கும். நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்தில் நடுக்கம் தொடங்கும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது இதற்குக் காரணம்.

இங்கேதான் இலக்கியத்துக்கு வேண்டிய செய்தி இருக்கின்றது. சுற்றுலாப் பயணியின் தொழில் நின்று பார்ப்பது. குளிர்மழையில் மிதிவண்டியில் செல்பவன் நிற்க முடியாது. தூரத்துக் காட்சி மூடுபனியில் மறைந்துவிடும். அவன் கண் அருகில் உள்ளவற்றின் மேல் விழும்: முன்சக்கரம் கிழித்துச் செல்லும் நீர்க்கோடு, பாதையோர வேலியில் தொங்கும் துளி, நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழ் மழைபடாத சிறிய வறண்ட தரை. பிறகு ஓர் ஊரின் ரொட்டிக் கடை. கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி ஆவி படர்ந்து மறைகின்றது. விரல்கள் விறைத்துப்போனதால் நாணயத்தை எடுக்க முடியவில்லை. காலடியில் நீர் தேங்குகின்றது. கடைக்காரி அதனைப் பார்க்கின்றாள். அவள் கடிந்து கொள்ளலாம், நாற்காலியை இழுத்துப் போடலாம். எதுவாயினும் அது வரவேற்புக் குழு ஏற்பாடு செய்த சந்திப்பன்று.

அவ்வாறு நனைந்து ஹாலே சேர்ந்தவனும் அதே ஓலைச்சுவடிகளைத்தான் காண்பான். ஆனால் இரயிலில் வந்தவர்க்குத் தோன்றாத ஒன்று அவனுக்குத் தோன்றக்கூடும். இந்த ஈரக்குளிரில் வளர்ந்த ஓர் உடல், ஜூலை மாதத்துத் தரங்கம்பாடி வெயிலில் போய் இறங்கியபோது என்ன பட்டிருக்கும் என்பதே அது. சீகன்பால்கு 36 வயதில், 1719இல் மறைந்தார். அந்த எண்ணை வாசிப்பது எளிது. குளிர்நாட்டு மழையில் தன் உடல் படும் பாட்டை ஒரு நாள் அறிந்த தமிழன், அவ்வெண்ணை வேறு விதமாகவே வாசிப்பான்.

'மழையைப் பற்றித் தமிழனுக்கு யார் கற்பிக்க வேண்டும்? ஜொகூரில் பெய்யாத மழையா?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஹாலே வட்டாரம் ஜெர்மனியிலேயே மழை குறைந்த பகுதிகளுள் ஒன்று; ஹார்ட்ஸ் மலையின் மழைமறைவில் இருப்பதால் ஆண்டு முழுதும் பெய்வது 500 மில்லிமீட்டர் அளவே. ஜொகூர் பாருவில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கின்றது. ஜொகூரின் ஒரு பிற்பகல் மழை, ஹாலேயில் ஒரு வாரம் விடாது பெய்யும் தூறலை விஞ்சிவிடும். ஆயினும் ஜொகூர் மழையில் நனைந்தவன் வீட்டுக்குச் சென்று துண்டால் துடைத்துக்கொள்கின்றான். ஹாலேயின் தூறலில் நனைந்தவன் நடுங்குகின்றான். மழையின் அளவை மானி காட்டிவிடும். அது எவ்வளவு நேரம் நீடித்தது, எவ்வளவு வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் சென்றது என்பவற்றை எழுத்துதான் காட்ட வேண்டும். பரந்த நிலத்தின் மேல் ஓயாது பெய்யும் மழையை ஜெர்மானியர் 'லாண்ட்ரேகன்' என்பர். தமிழில் அடைமழை என்ற சொல் அதற்கு நெருங்கி வரும். ஆனால் அடைமழை என்றதும் தமிழ்க் காதில் ஓங்கிப் பெய்யும் ஒலி கேட்கும். லாண்ட்ரேகன் ஒலி அடங்கிய மழை. தூவல், தூறல், சாரல், துவலை, மாரி என இத்தனை சொற்கள் இருந்தும், பயண நூல்களில் 'மழை' என்ற ஒரே சொல் எல்லா மழைக்கும் பயன்படுத்தப்படுகின்றது. சொல் இல்லாமல் இவ்வாறு நேரவில்லை. சொல்லை வேண்டும் அளவுக்கு எவரும் நனையவில்லை.

குளிர்மழையைத் தமிழ் எழுதியதே இல்லை என்றால் இந்தக் குறை பெரிதாகாது. ஆனால் பத்துப்பாட்டில் நெடுநல்வாடை இருக்கின்றது. நக்கீரர் பாடிய 188 அடிகள் கொண்ட அப்பாட்டின் முற்பகுதி முழுவதும் கூதிர்க் காலத்து ஈரக்குளிர்தான். புதுவெள்ளத்தை வெறுத்து மேட்டு நிலத்துக்கு நிரையை ஓட்டிச் செல்லும் இடையர், நெருப்பில் கைகாய்ச்சி நடுங்குகின்றனர். விலங்கு மேயவில்லை, பறவை தன் இடத்தில் நிற்கவில்லை, பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைக்கின்றது. குளிர் என்ற சொல்லை அடுக்கி நக்கீரர் குளிரைக் காட்டவில்லை. அது ஒவ்வோர் உயிரின் உடலிலும் என்ன செய்தது என்பதைக் காட்டினார். பாட்டின் முடிவிலோ, அரசன் நள்ளிரவில் உறங்காமல், வாடையும் தூவலும் வீசும் பாசறையில் புண்பட்ட வீரரைப் பார்த்து வருகின்றான். அவனுக்கு அன்று பெருமை சேர்ப்பது அவன் வென்ற நாடன்று. அம்மழையில் அவன் நடந்த நடையே. வேப்பந்தழை சூடிய வேலைக் கொண்டு இப்பாட்டு அகமா புறமா என்று நம் வகுப்புகளில் விரிவாக வாதிக்கின்றோம். அது தேவையான வாதமே. ஆனால் அந்த வாதம் முடிவதற்குள் பாடவேளை முடிந்துவிடுகின்றது. மழை பாடப்படாமலே போகின்றது.

பொழுது முதற்பொருள் என்பது பாட்டுக்கு மட்டும் உரிய மரபென்று கொள்ள வேண்டியதில்லை. மிதிவண்டியின் பிறப்பையே இதற்குச் சான்றாகக் காட்டுவாரும் உண்டு. 1815ஆம் ஆண்டு ஏப்ரலில் சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது எழுப்பிய தூசும் கந்தக ஆவியும் வானில் பரவியதால், 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கோடையற்ற ஆண்டாயிற்று. தென் ஜெர்மனியில் குளிரும் ஓயாத மழையும் விளைச்சலை அழித்தன, பஞ்சம் வந்தது, குதிரைக்குத் தீவனமும் அரிதாயிற்று. பாடன் நாட்டு வன அதிகாரியாகிய கார்ல் டிரைஸ் 1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், இரண்டு சக்கரங்களை முன்பின்னாகப் பொருத்திய மரவண்டியில் மன்ஹைம் நகரிலிருந்து புறப்பட்டு ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதி கிடையாது. காலால் தரையை உந்தித்தான் செல்ல வேண்டும். மிதியில்லாத மிதிவண்டி என்பது தமிழில் சொல்லும்போது மட்டுமே நேரும் வேடிக்கை. குதிரைத் தீவனப் பஞ்சமே டிரைஸைத் தூண்டியது என்பது ஹான்ஸ் எர்ஹார்ட் லெஸ்ஸிங் என்னும் ஆய்வாளரின் கருத்து. அதை ஏற்காதவர்களும் உளர். எவ்வாறாயினும், மலாய்த் தீவுக்கூட்டத்தின் ஓர் எரிமலை ஜெர்மானிய வானத்தைக் குளிர்வித்தது என்பதில் ஐயமில்லை.

பிறமொழியார் மிதிவண்டிப் பயணத்தை எவ்வாறு எழுதினர் என்பதும் நோக்கத்தக்கது. ஜெரோம் கே. ஜெரோம் 1900இல் வெளியிட்ட நூலில் மூன்று ஆங்கிலேயர் ஜெர்மனியில் மிதிவண்டியோடு சுற்றுகின்றனர். அது நகைச்சுவை நூல். மூவர் என்பதே அதன் வடிவத்தை முடிவு செய்கின்றது. மூவர் நனைந்தால் மழை பேச்சாக மாறிவிடும். ஒருவன் நனைந்தால் முறையிட ஆளில்லை. முறையீடு உள்ளே திரும்பி எண்ணமாகின்றது. தாமஸ் ஸ்டீவன்ஸ் 1885இல் தனியே, முன்சக்கரம் பெரிதான பழைய வகை மிதிவண்டியில் ஜெர்மனியைக் கடந்தார். ஆனால் அவர் உலகைச் சுற்றி முடிக்கும் அவசரத்தில் இருந்தவர். அவர் நூலில் நாள்கள் விரைந்து செல்கின்றன. அயர்லாந்தின் டெர்வ்லா மர்பி 1963 ஜனவரியில், ஐரோப்பா உறைந்து கிடந்த கடுங்குளிரில், இந்தியாவை நோக்கித் தனியே மிதிவண்டியில் புறப்பட்டார். தனிப்பெண் ஒருவர் பனியில் பட்டதை மறைக்காமல் எழுதியதால், 1965இல் வந்த அந்நூல் இன்றும் வாசிக்கப்படுகின்றது.

நமக்கு நெருக்கமான ஒருவரும் உண்டு. சில்ஹெட் பகுதியைச் சேர்ந்த வங்காளி இராம்நாத் பிஸ்வாஸ் 1931ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து தனியே மிதிவண்டியில் உலகப் பயணம் தொடங்கினார். சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் முறையாகத் திறக்கப்பட்டு அப்போது ஏழாண்டுகளே ஆகியிருந்தன. பின்னைய பயணமொன்றில் அவர் ஜெர்மனியையும் கடந்து சென்றார். ஊர் திரும்பித் தம் மொழியில் நூல் பல எழுதினார். அவர் சென்ற காலத்தில் ஜொகூர்ச் சாலைகளின் இருபுறமும் இரப்பர்த் தோட்டங்கள். அவற்றில் பால் வெட்டியவர்களுள் பெரும் பகுதியினர் தமிழர். வேலைக்கு மிதிவண்டியில் சென்ற தமிழர் எத்தனையோ பேர். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, வேலையில்லை, கூலியும் இல்லை. மழையை இவ்வளவு கூர்ந்து கவனிக்க வேண்டியிருந்த ஒரு சமூகத்தின் எழுத்தில், மழைநாள் சாலை ஏன் இவ்வளவு அருகிக் காணப்படுகின்றது என்ற கேள்விக்கு விடை எளிதன்று. கற்றவர் எழுதினர்; கற்றவர் பேருந்தில் சென்றனர் என்பது ஒரு பகுதி விடையாகலாம்.

இவ்வழக்கம் நம் பள்ளிக் கட்டுரையில் முழு உருவம் பெற்று நிற்கின்றது. 'நான் சென்ற சுற்றுலா' என்ற தலைப்புக்கு மாணவன் எழுதுவது பெரும்பாலும் ஒரே கட்டுரை: அதிகாலையில் எழுந்தோம், பேருந்தில் ஏறினோம், ஆடிப் பாடினோம், மலாக்காக் கோட்டையைக் கண்டோம், களைப்புடன் வீடு திரும்பினோம். களைப்பு என்ற அந்த ஒரு சொல்லில்தான் உடல் எட்டிப் பார்க்கின்றது. உடனே கட்டுரை முடிந்துவிடுகின்றது. தேர்வுக்காக இவ்வடிவத்தைக் கற்பித்தோம் என்று சொல்வதுண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. கட்டுரை வடிவம் நீங்கவில்லை.

பயண நூலால் பயன் வேண்டும், செய்தி வேண்டும் என்பது பழைய ஆசிரியர்களின் கொள்கை. செட்டியார் எழுதிய காலத்தில் அக்கொள்கைக்குப் பொருள் இருந்தது; ஜெர்மனியைப் பற்றிய செய்தியை அறிய ஒரு தமிழ் மாணவனுக்கு அந்நூலன்றி வேறு வழி அரிது. இன்று கோபுரத்தின் உயரமும் ஆற்றின் நீளமும் மாணவனின் கைப்பேசியில் உள்ளன. லைப்சிக்கில் இப்போது பெய்யும் மழையின் அளவும் அதில் உள்ளது. அந்த மழையில் மிதிவண்டியை நிறுத்திப் பையின் முடிச்சை அவிழ்க்க முயலும் விரல், தான் விரும்பியபடி மடங்க மறுப்பது அதில் இல்லை.

ஜொகூர் மாணவன் அதற்காக ஜெர்மனிக்குச் செல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் செல்லும் சாலை இருக்கின்றது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை வெள்ளம் சூழ்ந்ததைப் பார்த்த பெற்றோர் அவன் வீட்டிலேயே இருக்கலாம். பள்ளிக்கு மிதிவண்டியில் வரும் மாணவன் மழைநாளில் புத்தகப் பையை நெகிழிப் பைக்குள் சுற்றி, ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் வண்டியைச் செலுத்தி வருகின்றான். வகுப்பில் வந்து அமர்ந்ததும், அவனுக்குக் கொடுக்கப்படும் கட்டுரைத் தலைப்பு 'கடற்கரையில் ஒரு நாள்'. சட்டையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, வானம் நீலமாக இருந்தது என்று அவன் எழுதத் தொடங்குகின்றான்.